பகிர்வில் பங்கு யாருக்கு? ஆசிரியர்களின் குரல்பதிவுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சென்ற மார்கழியில் ஓர் இரவு வந்த தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். கோட்பாட்டை முதலில் வைத்துவிட்டு அனுபவத்துக்கு வருவதுதான் முறை என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அந்த அழைப்பு வராமலிருந்தால் எனக்குக் கோட்பாடு எதுவும் தேவைப்பட்டிருக்காது என்பதால் இந்த முறைமீறலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தென்பெண்ணைக் கரையோரத்து ஊர் ஒன்றில், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக நியமிக்கப்பட்ட தற்காலிகத் தமிழாசிரியனாக இரண்டாண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது நான் ஆசிரியன் இல்லை. ஆனால் ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 'வகுப்பறை அனுபவங்கள்' என்று மாதம் இரண்டு குரல்பதிவுகள் செய்துவந்தேன். பாட்காஸ்ட் என்று எல்லோரும் சொல்வதுதான். கைபேசி, நூற்றுச் சொச்ச ரூபாய் மைக், மின்விசிறியை நிறுத்திவிட்ட ஓர் அறை. இவ்வளவுதான் எங்கள் நிலையம்.

"சார், எட்டாவது எபிசோடுல ஒரு செங்கச் சூளைப் பையனப் பத்தி சொன்னீங்களே. அது நான்தானே சார்?"

நான் பெயர் சொல்லியிருக்கவில்லை. ஊர் பெயரும் சொல்லவில்லை. 'ஒரு பையன்' என்றுதான் சொன்னேன். அந்த எச்சரிக்கை போதும் என்று நினைத்தவன் நான். என்ன செய்ய? தன் கதையைத் தெரிந்துகொள்ள ஒருவருக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

நான் பதிவில் சொன்னது இது. ஏழாம் வகுப்பில் ஒரு பையன். சூளை வேலைக்குப் போன பெற்றோருடன் மாதக்கணக்கில் போய்விட்டுத் திரும்பியவன். கடைசி வரிசை. வாயே திறக்க மாட்டான், படிக்கத் தெரியாது. நான் கைக்காசில் கதைப்புத்தகம் வாங்கி, மதிய இடைவேளைகளில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, பொறுமையாகப் படிக்க வைத்தேன். ஒருநாள் ஒரு பக்கம் முழுவதையும் தடங்கலின்றிப் படித்தான். படித்து முடித்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது. ஆறு நிமிடக் கதை. பின்னணியில் புல்லாங்குழல் வேறு சேர்த்திருந்தோம். எங்கள் பதிவுகளிலேயே அதிகம் பாராட்டு வாங்கியது அதுதான்.

தொலைபேசியில் அவர் (பதிவில் 'அவன்' என்றேன், இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். இந்த மாற்றமும் இக்கட்டுரையின் விஷயம்தான்) சொன்ன கதை வேறு. படிக்க அவருக்குத் தெரியும். முதல் வாரத்தில் நான் ஏதோ கேட்டதற்கு, "வூட்டாண்டயிருந்து இட்டாந்தேன் சார்" என்றிருக்கிறார். அதை அதே ராகத்தில் நான் திருப்பிச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். வகுப்பு சிரித்தது. பிறகு, 'வீட்டிலிருந்து கொண்டுவந்தேன்' என்று சொல்ல வேண்டும் எனத் திருத்தியிருக்கிறேன். இது எதுவும் எனக்கு நினைவில்லை. அவருக்கு இருக்கிறது. "படிக்கத் தெரியும் சார். வாயத் தொறக்கத்தான் புடிக்கல."

அழுதது?

"அழுதது வாஸ்தவம் சார். அன்னைக்குக் காலையில அட்வான்ஸ் பாக்கின்னு சூளைக்காரரு ஆளு வந்து எங்கப்பாவ இட்டுக்கினு போயிட்டாங்க. அதான்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்கம்மாவும் கேட்டாங்க சார். நம்ம கஷ்டம் ஒன் வாத்தியாருக்கு நல்ல கதயா ஆயிருக்குன்னாங்க."

அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

2

ஆசிரியர்கள் குரல்பதிவு செய்வதையே குறை சொல்ல இதை எழுதவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். அப்படி வாசிக்கிறவர்கள் பள்ளி ஆசிரியர் அறைக்குள் போனதில்லை என்றே நினைப்பேன்.

'பாட்காஸ்ட்' என்ற சொல் 2004இல் பிரிட்டிஷ் நாளிதழான கார்டியனில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய ஒரு கட்டுரையில் முதலில் தோன்றியது. 2005இல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடம் கொடுத்தபின் பரவியது. நிலையம், அலைவரிசை, உரிமம் எதுவுமின்றி ஒரு குரல் இன்னொரு காதுக்குப் போய்ச் சேரும் வழி இது. வானொலி பகிர்ந்தளிக்கும் கருவியாக மட்டும் நிற்கக் கூடாது, கேட்பவரையும் பேச வைக்கும் தொடர்புக் கருவியாக மாற வேண்டும் என்று 1932இலேயே பிரெக்ட் எழுதினார். தொழில்நுட்ப அளவில் அவர் கேட்டது இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது.

நம் ஆசிரியர்களை இதற்குள் தள்ளியது பெருந்தொற்றுக் காலம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பரில்தான். 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் போயின. அதே காலத்தில் ஏராளமான ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகக் கதை சொன்னார்கள், பாடம் சொன்னார்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரித்தார்கள். தன் குரல் தன்னைவிட்டுப் பிரிந்து ஊர் சுற்றி வரும் என்பதை ஆசிரியர் கண்டுகொண்டது அப்போதுதான். பள்ளிகள் திறந்தபின்னும் சிலர் நிறுத்தவில்லை. பாடம் சொல்வதிலிருந்து பாடம் சொன்ன அனுபவத்தைச் சொல்வதற்கு நகர்ந்தார்கள்.

இதன் தேவை உண்மையானது. ஆசிரியர் தொழில் வெளியிலிருந்து பார்க்கக் கூட்டமான தொழில், உள்ளே தனிமையான தொழில். நாற்பது பேர் முன்னால் நிற்கிறவருக்கு, அந்த வகுப்பில் நடந்ததைப் பேச ஒரு சக ஆசிரியர் கிடைப்பதில்லை. ஈராசிரியர் பள்ளிகளில் மற்றவர் விடுப்பில் இருப்பார் அல்லது பதிவேட்டில் தலையைப் புதைத்திருப்பார். பயிற்சிக் கூட்டங்களில் பேசுகிறவர் வேறு யாரோ. எங்கள் குழுவிலுள்ள தோழி, அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், தினமும் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போய்வருகிறவர், சொல்வார்: "புத்தகம் பிடிச்சுப் படிக்க முடியாது, நின்னுக்கிட்டுதான் போறேன். காது சும்மாதானே இருக்கு." அந்தக் காதுக்கு இன்னொரு பள்ளியின் ஆசிரியர், தன் வகுப்பில் பின்னங்களைச் சொல்லித்தரப் பட்ட பாட்டைச் சொல்லும்போது ஒரு தோழமை உருவாகிறது. சங்கக் கூட்டங்களில் அகவிலைப்படி பேசலாம், ஊதியக் குழு பேசலாம், இன்று என் வகுப்பில் தோற்றேன் என்று பேச முடியாது. குரல்பதிவில் முடியும். முடிந்திருக்க வேண்டும்.

3

முடிந்ததா? அந்த அழைப்புக்குப் பிறகு எங்கள் பத்தொன்பது பதிவுகளையும் மறுபடி கேட்டேன். பிற ஆசிரியர்களின் பதிவுகளையும் தேடிக் கேட்டேன். தமிழ் படித்தவனுக்குள்ள பழக்கம், ஒரு நோட்டில் வினைச்சொற்களை மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன். பேச வைத்தேன், எழுத வைத்தேன், சிரிக்க வைத்தேன், உணர வைத்தேன், மாற்றினேன், திருத்தினேன். குழந்தையின் ஒவ்வொரு செயலும் ஆசிரியரின் பிறவினையாகவே வருகிறது. பேசியது குழந்தை, படித்தது குழந்தை. வாக்கியத்தின் எழுவாய் மட்டும் ஆசிரியர். இலக்கண வகுப்பில் தன்வினை பிறவினை நடத்திய எனக்கு என் வாக்கியத்தில் அது கண்ணில் படவில்லை.

இந்தக் கதையாடலுக்கு ஒரு நிலையான சட்டகம் இருக்கிறது. முதலில் பிரச்சினைக்குரிய ஒரு குழந்தை, பெரும்பாலும் பேசாத அல்லது அடங்காத குழந்தை. அடுத்து குழந்தையின் வீடு: குடி, வறுமை, பிரிந்த பெற்றோர், வெளியூர் வேலை. மூன்றாவதாக ஆசிரியரின் ஒரு செயல், ஒரு புத்தகமோ பேனாவோ அரவணைப்போ. கடைசியில் மாற்றம், கண்ணீர். இந்தச் சட்டகம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு', டெட்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்' ஆகிய நூல்களை வாசித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கிஜுபாய் தன் ஆசிரியரை ஒரு கற்பனைப் பாத்திரமாக வைத்துத்தான் சோதனை செய்து பார்க்கிறார், தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. டோட்டோ-சானைச் சொல்வது ஆசிரியரே இல்லை, அந்தப் பள்ளியில் படித்த குழந்தை, வளர்ந்தபின் 1981இல் எழுதியது. நாங்கள் எடுத்துக்கொண்டது கோபயாஷி என்ற தலைமையாசிரியரின் ஒளிவட்டத்தை. விட்டுவிட்டது, அந்த ஒளிவட்டத்தை வரைந்த கை மாணவியுடையது என்பதை.

அச்சில் இல்லாத ஒன்று குரலில் சேர்கிறது: குழந்தையின் பேச்சைப் பேசிக்காட்டுதல். எங்கள் பதிவுகளில் ஆசிரியர் பேசும்போது ஒரு தமிழ், மேடைக்கும் வானொலிக்கும் இடைப்பட்ட தமிழ். 'வணக்கம் நேயர்களே' தமிழ். குழந்தை பேசும்போது குரல் மாறும். இழுத்து, கொச்சையாக்கி, கொஞ்சம் நகைச்சுவையாக. கேட்பவர் சிரிப்பார், அன்போடுதான் சிரிப்பார். ஆனால் நான் அன்று வகுப்பில் செய்ததும் இதேதான் அல்லவா? 'வூட்டாண்ட' என்ற சொல்லை ஏழாம் வகுப்பின் முன் ஒருமுறை பேசிக்காட்டினேன். அந்தப் பையனை வாய்மூட வைத்தது அது. (இங்கே பிறவினை சரியாகவே பொருந்துகிறது.) பின்னர் அவனைப் பேச வைத்த கதையைச் சொல்ல, அதே கருவியை இன்னும் பெரிய கூட்டத்தின் முன் எடுத்தேன். எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நம் வகுப்பறைகளின் அதிகாரம் குடியிருக்கிறது. சாதி, வட்டாரம், வர்க்கம் எல்லாம் ஒரு உயிரெழுத்தின் உச்சரிப்பில் தெரிந்துவிடும். 'மொழித்திருத்தம்' என்று நாம் அழைப்பது பல சமயம் ஆள் அடையாளம் காட்டும் வேலைதான்.

சொல்லப்படாதது என்ன என்பதும் முக்கியம். குழந்தையின் வறுமையை விரிவாகச் சொல்லும் பதிவுகள், அந்த வறுமையை உண்டாக்கியவரைச் சொல்வதில்லை. என் கதையில் சூளை வந்தது, புகை வந்தது, முன்பணம் வரவில்லை. பருவத் தொடக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்து, அது தீரும்வரை குடும்பம் முழுவதையும் செங்கல் அறுக்க வைக்கும் ஏற்பாடு அது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. சட்டம் வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குப் பின், ஒரு பையனின் கண்ணீரை என் கற்பித்தலின் வெற்றியாக நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அன்று அவனிடம் 'ஏன் அழுகிறாய்' என்று கேட்கவில்லை. காரணம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது!

ஆசிரியர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973, அரசின் கொள்கையையோ செயலையோ பாதகமாக விமர்சிப்பதைத் தடுக்கிறது. கழிவறை இல்லை, ஆசிரியர் பணியிடம் காலி என்று மைக் முன்னால் சொல்லிவிட்டு விளக்கக் கடிதம் எழுத யாருக்கு மனம் வரும்? ஆகவே துறையைப் பேச முடியாது. ஊர்ப் பெரியவர்களைப் பேச முடியாது, மறுநாள் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். சக ஆசிரியரைப் பேச முடியாது. மீதி இருப்பது குழந்தைதான். குழந்தை விளக்கம் கேட்காது, வழக்குப் போடாது. மேலே பேச முடியாத வாய் கீழே பேசுகிறது. இதுதான் இந்தப் பதிவுகளின் நுண் அரசியல் என்று நினைக்கிறேன். பள்ளியை முதன்மையான கருத்தியல் அரசு எந்திரம் என்று அல்தூசர் 1970இல் எழுதினார். எந்திரத்தின் பற்களுக்கிடையில் நசுங்குகிற ஆசிரியரும் அதன் பல்லாகவே இருக்கிறார் என்பதை அல்தூசரைப் படிக்காமலேயே எந்த இடைநிலை ஆசிரியரும் சொல்லிவிடுவார்.

4

'பேசாத குழந்தை' என்ற வகைமைக்கு வருவோம். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்த விஷயத்தில் நம் ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. கறுப்பினக் குழந்தைகளுக்கு மொழியே வளரவில்லை, அதனால்தான் பள்ளியில் தோற்கிறார்கள் என்று உளவியலாளர்கள் சிலர் சொல்லிக்கொண்டிருந்த காலம். நியூயார்க்கின் ஹார்லெமில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை (ஆய்வில் லியோன் என்று குறிக்கப்படுகிறான்) நேர்காணல் செய்கிறார்கள். நேர்காண்பவர் அதே ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர்தான், அனுபவசாலி. இருந்தும் பையன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறான், அல்லது தலையாட்டுகிறான்.

அடுத்த முறை நான்கு மாற்றங்கள் செய்கிறார்கள். ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல். லியோனின் சிநேகிதன் கிரெகரியும் கூட. நேர்காண்பவர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்காருகிறார். பெரியவர்கள் முன்னால் பேசக் கூடாதவை என்று விலக்கப்பட்ட சொற்களை அவரே எடுத்துப் பேசுகிறார். அவ்வளவுதான். இரண்டு பையன்களும் ஒருவரை ஒருவர் இடைமறித்துக்கொண்டு பேசித் தீர்க்கிறார்கள். நேர்காண்பவரோடு பேசும் அளவுக்குத் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்கிறார்கள்.

லபோவின் முடிவு எளிமையானது. மௌனம் குழந்தைக்குள் இல்லை, அந்தச் சூழலில் இருந்தது. பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது, பேசும் எதுவும் தனக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்று குழந்தைக்குத் தெரியும். பேசாமலிருப்பது அதன் மொழியறிவின் பகுதிதான். இதை முதுகலை வகுப்பில் சமூக மொழியியல் தாளுக்காகப் படித்தேன், பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு விடையும் எழுதினேன். அதே விடையை எழுதிய கையோடு போய், ஒரு பையனைப் 'பேசாதவன்' என்று பெயரிட்டேன். படிப்புக்கும் நடைமுறைக்கும் நடுவில் நமக்கெல்லாம் இருக்கும் தூரம் அவ்வளவு.

குரல்பதிவு செய்யும் ஆசிரியருக்கு லபோவிடம் இன்னொரு பாடமும் உண்டு. அவருடைய ஆய்வு முழுவதும் ஒலிநாடாவில்தான் நடந்தது. கருவி அதேதான். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், கூட யார் இருந்தார்கள், கிடைத்த குரலை வைத்து யாரைக் குற்றம் சாட்டினார்கள் என்பதில்தான் வேறுபாடு. அவர் குற்றம் சாட்டியது பள்ளியை.

5

குரல்பதிவு எப்படி வேறாக இருந்திருக்க முடியும் என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் ஃபிரான்ஸின் செலஸ்தேன் ஃபிரெனே. முதல் உலகப் போரில் 1917இல் நெஞ்சில் காயம்பட்டவர். நுரையீரல் பாதிப்பு. 1920இல் தென் ஃபிரான்ஸில் பார்-சுர்-லூப் என்ற ஊரில் ஆசிரியராகச் சேர்ந்தபோது, அவரால் நீண்ட நேரம் தொடர்ந்து பேச முடியவில்லை, மூச்சு வாங்கும். பேச முடியாத ஆசிரியர்! பேச்சே தொழிலான ஓர் ஆளுக்கு இதைவிடக் கேடு வேறென்ன? அவர் 1924இல் வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சுக்கருவியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதினார்கள், எதை அச்சிடலாம் என்று கூடிப் பேசித் தீர்மானித்தார்கள், எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள், தூரத்துப் பள்ளிகளுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். அங்கிருந்தும் பக்கங்கள் வந்தன. பின்னாட்களில் ஃபிரெனே இயக்கத்து ஆசிரியர்கள் ஒலிநாடாக் கருவி கிடைத்தவுடன் அதையும் வகுப்பறைக்குள் சேர்த்துக்கொண்டார்கள், பிள்ளைகளின் குரல்கள் ஊர்விட்டு ஊர் போயின. ஆசிரியர்களும் தங்களுக்குள் கூட்டுறவு அமைத்து, இதழ் நடத்தி, மாநாடு கூடி, அனுபவங்களைப் பேசினார்கள். ஆனால் அவர்கள் மேசைமேல் பிள்ளைகளின் பக்கங்களும் இருந்தன. ஆசிரியர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு சாட்சி எப்போதும் இருந்தது.

இன்னோர் உதாரணம். பாவ்லோ ஃப்ரேய்ரேவை நம் சிறுபத்திரிகைகள் வங்கிமுறைக் கல்விக்காகவும் மௌனப் பண்பாட்டுக்காகவும் நிறையவே மேற்கோள் காட்டிவிட்டன. அவர் கடைசிக் காலத்தில் 'பேசும் நூல்கள்' செய்தார் என்பதை அதிகம் கவனித்ததில்லை. இன்னொரு கல்வியாளரோடு உட்கார்ந்து பேசி, ஒலிநாடாவில் பதிந்து, எழுத்தாக்குவது. ஐரா ஷோருடன் பேசியது 1987இல் நூலாக வந்தது. டென்னசியில் 1932இல் ஹைலாண்டர் மக்கள் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைல்ஸ் ஹார்ட்டனுடன் பேசியது 1990இல் வந்தது. இன்றைய பாட்காஸ்ட்டின் தாத்தா என்று அதைச் சொல்லலாம். இதன் சிறப்பு, அதில் இருவரும் ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள், தங்கள் பிழைகளைச் சொல்கிறார்கள். எங்கள் பதிவுகளில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் சொன்னதை மற்ற இருவரும் 'அருமை, அருமை' என்றோம்.

உடனே ஒரு தீர்வு தோன்றும்: அப்படியானால் பிள்ளைகளையே மைக் முன்னால் உட்கார வைப்போம். அவசரப்பட வேண்டாம். ஒப்புக்கொடுத்தலைப் பற்றி ஃபூக்கோ 1976இல் எழுதியதை இங்கு நினைக்க வேண்டும். பேசுகிறவரிடம் இல்லை, வாய்திறக்காமல் கேட்கிறவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது என்றார் அவர். 'மனம்விட்டுப் பேசு கண்ணு' என்று ஆசிரியர் சொல்லும்போது, உள்மதிப்பீட்டுக்கு மதிப்பெண் போடுவதும் அதே ஆசிரியர்தான். மறுக்க முடியாதவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. மேலும் அந்தக் குரல் எங்கே போய்த் தங்குகிறது? இலவசமாகப் பதிவேற்ற வழிசெய்த ஆங்கர் செயலியை ஸ்பாட்டிஃபை 2019இல் வாங்கியது. கூகுளின் பாட்காஸ்ட் செயலி 2024இல் மூடப்பட்டது. நம் வகுப்பறையின் நினைவகத்தை யார் வைத்திருப்பது, யார் அழிப்பது என்பதெல்லாம் எங்கோ முடிவாகிறது. ஏழாம் வகுப்புக் குழந்தை இன்று சிரித்துக்கொண்டு சொல்லும் ஒரு வீட்டு விஷயம், அது கல்யாணத்துக்கு நிற்கும்போது யார் காதிலோ ஒலிக்கலாம்.

6

'அனுபவப் பகிர்வு' என்று நாம் தாராளமாகப் புழங்குகிறோம். பகிர்வு, பங்கு, பகுதி எல்லாம் 'பகு' என்ற ஒரே வேரிலிருந்து வருவன. பகிர்தல் என்றால் சும்மா வெளியே சொல்வது அல்ல. உரியவர்களுக்கு உரிய கூறைப் பிரித்துக் கொடுப்பது. அறுத்த கறியைப் பகிர்கிறவன் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஊருக்கு வீசினால் அதை யாரும் பகிர்வு என்று சொல்ல மாட்டார்கள். வகுப்பறையில் நடந்தது நாற்பது பேருக்கு நடந்தது. அதில் என் பங்கு நாற்பத்தொன்றில் ஒன்று. நான் முழுதையும் என்னுடையதாக எடுத்துக்கொண்டு, பங்காளியைக் கேட்காமல் ஊருக்குக் கொடுத்தேன். என் வாதம் முழுவதும் இவ்வளவுதான்.

அந்தப் பதிவை எடுத்துவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எடுத்துடாதீங்க சார். எடுத்துட்டா நீங்க சொன்னதே இல்லன்னு ஆயிடும். தப்புன்னு அடுத்ததுல சொல்லுங்க" என்றார்.

எங்கள் மூவருக்குள் இது பெரிய சண்டையாகிவிட்டது. நடுநிலைப் பள்ளி ஆசிரியரான நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏற்கெனவே வாத்தியார்னா சம்பளம் வாங்கிட்டு சும்மா இருக்கறவன்னு பேசறாங்க. நாமளே போயி நான் தப்புப் பண்ணேன்னு சொல்லணுமா?" என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. அரசுப் பள்ளியை இழுத்து மூடக் காத்திருக்கிறவர்களின் கையில் நம் சுயவிமர்சனம் கல்லாகிவிடலாம். பேருந்துத் தோழி மாறாகச் சொன்னார்: "நான் பஸ்ல கேக்கறது மத்தவங்க ஜெயிச்ச கதைய இல்ல. அதக் கேட்டா எனக்கு இன்னும் சோர்வுதான் வருது. அவங்களால முடியுது, என்னால முடியலயேன்னு." வெற்றிக் கதைகள் ஆசிரியர்களுக்கு ஊக்கம் தருகின்றன என்ற எங்கள் அடிப்படையே அன்று ஆட்டம் கண்டது.

இருபதாவது பதிவில் நான் மட்டும் பேசினேன். புல்லாங்குழல் இல்லை. எட்டாவது பதிவில் சொன்னது எங்கெங்கே தவறு, முன்பணம் என்றால் என்ன, பேசிக்காட்டியது என்ன செய்தது என்று சொன்னேன். அவருக்கு முன்பே அனுப்பி, அவர் வெட்டச் சொன்ன இரண்டு இடங்களை வெட்டினேன். இந்தக் கட்டுரையையும் அவர் படித்துவிட்டார். ஒரு வரியை நீக்கச் சொன்னார், நீக்கினேன். பாராட்டுகள் எட்டாவதற்கு வந்ததில் கால்வாசி கூட வரவில்லை. ஆனால் நான்கைந்து ஆசிரியர்கள் தங்கள் பழைய மாணவர்கள் யாரையோ தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அது போதுமா என்றால் போதாது.

நண்பர்கள் விவாதத்துக்காகச் சிலவற்றை முன்வைக்கிறேன். ஒரு மாணவரைப் பற்றிப் பேசுமுன், அவர் மறுக்கக்கூடிய வயதையும் நிலையையும் அடைந்துவிட்டாரா என்று பார்ப்போம். இல்லையென்றால் நம் பிழையை மட்டும் பேசுவோம், அதற்குக் குழந்தையின் வீடு தேவையில்லை. குழந்தையின் குரலைப் பேசிக்காட்டுவதை நிறுத்துவோம். 'வைத்தேன்' என்று முடியும் வாக்கியங்களைப் பதிவுக்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். நடத்தை விதிகளுக்கு அஞ்சி மேலே பேச முடியாதென்றால், பேச முடியவில்லை என்பதையாவது சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவோம். நம் வகுப்பை நாமே பதிந்து, யாருக்கும் அனுப்பாமல், தனியாக ஒருமுறை கேட்போம். எத்தனை நிமிடம் நாம் பேசினோம் என்று மட்டும் பார்த்தால் போதும். எனக்கு அந்த வாய்ப்பு இனி இல்லை.

போன மாதம் அவர் ஊருக்குப் போயிருந்தேன். கல்லூரி இறுதியாண்டு படிக்கிறார். அவர் அம்மா தேநீர் கொடுத்தார், கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பதிவில் நீங்களே வந்து பேசலாமே என்று அவரை அழைத்தேன், பையிலிருந்து மைக்கையும் எடுத்தேன்.

"ரெக்கார்டு வேணாம் சார். சும்மா குந்துங்க, பேசுவோம்" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் பேசினார். அதை இங்கே எழுதப்போவதில்லை.